வங்கி வாசலில் கூட்டம்: நம் பணத்தையும் எடுத்துவிடலாமா?

கேள்வி: பண்ருட்டி வாசகர், 15 பிப்ரவரி 2025, காலை 7.40

மும்பையில் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி வாசலில் நேற்று ஜனங்கள் நின்ற வீடியோ எங்கள் தெரு வாட்ஸாப் குழு வரை வந்துவிட்டது. அதற்கு அடுத்த செய்தியே "கூட்டுறவில் போட்டவர்கள் உடனே எடுங்கள்" என்று. எனக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் 3 லட்சம், ஊர்ச் சங்கத்தில் ஒன்றரை லட்சம் கிடக்கிறது. எல்லாம் முந்திரி விற்ற காசு. திங்கள்கிழமை போய் எடுத்துவிடலாமா? வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

15 பிப்ரவரி, காலை 9.15

வேண்டாம். கவுண்டருக்கு உள்ளே 31 வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் கேஷியராக. 13ஆம் தேதி சாயந்திரம் அந்த மும்பை வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஆறு மாதத்துக்கு யாரும் பணம் எடுக்க முடியாது, புதுக் கடனும் கிடையாது. நேற்று நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டு ஒரு நிர்வாகியை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வங்கிக்கும் பண்ருட்டிக்கும் "கூட்டுறவு" என்கிற ஒரு வார்த்தையைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வதந்தியைக் கேட்டு ஓடுகிறவன்தான் நல்லா இருக்கிற வங்கியையும் கவிழ்ப்பான். டெபாசிட்டுக்கு ஒரு லட்சம் வரை இன்சூரன்ஸ் வேறு இருக்கிறது. பேசாமல் இருங்கள்.

15 பிப்ரவரி, காலை 9.50

ஒரு லட்சம் இல்லை, 5 லட்சம். லாஸ்பேட்டை நண்பர் போனிலேயே திட்டினார். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். நான் 2018இல் வீட்டுக்கு வந்துவிட்டேன், என் தலையில் பழைய கணக்கு. 1993இல் ஒரு லட்சம் ஆக்கியதை 27 வருஷம் யாரும் தொடவே இல்லை. 1962இல் ஆரம்பித்தபோது 1,500 ரூபாய்.

அந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில். ஒரே வங்கியின் மஞ்சக்குப்பம் கிளையில் 5, திருப்பாதிரிப்புலியூர் கிளையில் 5 என்று பிரித்துப் போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

15 பிப்ரவரி, இரவு 10.30

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது உறைத்தது. காலையில் நான் சொன்னதில் பாதி தப்பு.

மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு அந்த இன்சூரன்ஸ் உண்டு. ஊர்ச் சங்கத்துக்கு, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு, கிடையாது. நிறைய பேர் சங்கத்தையும் "பேங்க்" என்றே சொல்கிறார்கள், நானும் அந்தக் குழப்பத்தில்தான் பதில் எழுதிவிட்டேன். அதற்காக உங்கள் சங்கம் மூழ்குகிறது என்று அர்த்தம் இல்லை. அந்த ஒன்றரை லட்சத்துக்குப் பின்னால் இன்சூரன்ஸ் நிற்கவில்லை, அவ்வளவுதான். நிதி கம்பெனி, சீட்டு, நகைக்கடையில் மாதாமாதம் கட்டுவது, எதற்குமே நிற்காது.

"பேசாமல் இருங்கள்" என்று ஒரே வாயில் சொல்லியிருக்கக் கூடாது.

17 பிப்ரவரி

"நான் போட்ட பணம் பெட்டியில்தானே இருக்கிறது, கேட்டால் கொடுக்க என்ன?" என்று வில்லியனூரிலிருந்து ஒருவர். பெட்டியில் இல்லை. நீங்கள் போட்ட 100 ரூபாயில், இந்த 2025 பிப்ரவரிக் கணக்குப்படி, 4 ரூபாய் ரிசர்வ் வங்கியில் கிடக்க வேண்டும், 18 ரூபாய் பெரும்பாலும் அரசுப் பத்திரத்தில். மிச்சத்தில் பெரும்பகுதி யாருக்கோ வீடாகவும் லாரியாகவும் நகைக்கடனாகவும் போய்விட்டது. ஒரு சின்னக் கிளையின் இரும்புப் பெட்டியில் ஒரு நாள் ஓடுகிற அளவுக்குக் கேஷ் இருந்தால் அதிகம். மாத முதல் வாரம் கூடுதலாக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி, நோட்டை மொத்தமாக வைத்திருக்கும் கரன்சி செஸ்டிலிருந்து பணம் வரவழைத்து வைப்போம். எல்லோரும் ஒரே காலையில் வந்தால் எந்த வங்கியாலும் முடியாது. மோசமான வங்கி, நல்ல வங்கி என்ற பேதமே அங்கே இல்லை.

அப்படி ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன். வங்கி நொடித்ததால் இல்லை, புயலால்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடிகாலை, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் கிளை முதுநகர் பக்கம். கம்பம் எல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் செத்துக் கிடக்கிறது. ஒரு மெழுகுவத்தியை மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் முன்னால் இருநூறு பேராவது இருப்பார்கள். கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டர் தண்ணீரில் போய்விட்டது, ஆகவே கணக்கு போய்விட்டது. இதுதான் வதந்தி. எங்கள் கிளைக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாடுகிற சீட்டுக்கட்டைத் தவிர எதுவும் இல்லை, கணக்கெல்லாம் வேறு ஊரில் பத்திரமாக இருக்கிறது என்று கத்திச் சொன்னோம். "வேறு ஊரில்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கூட்டம் இன்னும் நெருங்கியது.

மேனேஜர் நல்ல மனுஷன். தன் பொறுப்பில் ஒரு முடிவு எடுத்தார்: பாஸ்புக்கில் அச்சான கடைசி இருப்பைப் பார்த்து ஆளுக்கு 2,000 வரை கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். என்னிடம் தனியாக வந்து, "பெட்டியில் இருக்கிற கட்டை எல்லாம் எடுத்து மேஜை மேல் அடுக்குங்க, வெளியிலிருந்து தெரியணும்" என்றார். பத்து ரூபாய்க் கட்டையும் சேர்த்து அடுக்கினேன். உயரம் வேண்டுமே.

ஒரு ஆயா, பூ விற்பவர். 1,800 ரூபாய் வாங்கி, எண்ணி, சுருக்குப்பையில் முடிந்துகொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கூரை போய்விட்டது, இருட்டினால் திருடன் பயம், காசை எங்கே வைப்பார்? இரண்டு மணிக்குத் திரும்ப வந்து நீட்டினார். சிஸ்டம் இல்லை ஆயா, இப்போது வரவு வைக்க முடியாது என்றேன். "பேங்குல யாரு போடச் சொன்னா? நீ வெச்சிக்க" என்றார். ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, சேஃபில் வைத்தேன். விதிப்படி செய்யக் கூடாத காரியம். நாலு நாள் கழித்து வந்து அதே கவரை வாங்கிப் போனார், பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்.

17 பிப்ரவரி, சாயந்திரம்

மேலே "இருநூறு பேர்" என்றேன். அன்று என்னோடு இருந்த கிளார்க் படித்துவிட்டு, எண்பது பேர்தான் சார் என்கிறார். கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தால் எண்பது இருநூறாகத் தெரியும். அவரும் உள்ளேதான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

19 பிப்ரவரி

தனியார் வங்கி பற்றிக் கேட்டவருக்கு. 2020 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு பார்த்தோம். மார்ச் 5 யெஸ் வங்கி, 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று தடை. ஸ்டேட் வங்கியும் மற்ற சில வங்கிகளும் பணம் போட்டு, மார்ச் 18 சாயந்திரம் தடை நீங்கியது. முத்தியால்பேட்டையில் என் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறான். மார்ச் 6 காலை அவன் கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையில் ஒரு பைசா ஏறவில்லை. அவனுக்கு அந்த வங்கியில் கணக்கே கிடையாது. அந்தச் செயலியின் பின்னால் அந்த வங்கி இருந்திருக்கிறது, அது யாருக்குத் தெரியும்? பால் வாங்க வந்தவர்களிடம் கடன் நோட்டை எடுத்து எழுதினானாம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, இரண்டு பேர் இன்னும் தரவில்லை.

நவம்பர் 17 லட்சுமி விலாஸ் வங்கி. இது நம்ம பக்கத்து வங்கி, 1926இல் கரூரில் வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. வரம்பு 25,000. பத்தே நாளில், 27ஆம் தேதி, டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தார்கள். டெபாசிட் போட்டவனுக்கு ஒரு பைசா போகவில்லை. பங்கு வைத்திருந்தவனுக்கு ஒரு பைசா வரவில்லை, அத்தனையும் பூஜ்யம். கரூர்ப் பக்கம் தாத்தா வாங்கிய பங்கைக் கல்யாணச் சீர் மாதிரி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. வாசலில் நிற்கிற கூட்டத்தைத்தான் டிவியில் காட்டுவார்கள். இவர்கள் எந்த வாசலிலும் நிற்கவில்லை, நிற்க வாசலும் இல்லை.

அந்த நவம்பரில் என் வீட்டிலேயே ஒன்று நடந்தது. என் மனைவிக்கு வேறொரு தனியார் வங்கியில் இரண்டரை லட்சம் எஃப்.டி. அந்த வங்கி கல்லு மாதிரி இருந்தது, இன்றும் இருக்கிறது. 19ஆம் தேதி என்னிடம் சொல்லாமல் போய், முதிர்வுக்கு முன்னாலேயே உடைத்து, ஒரு சதவீதம் வட்டி வெட்டுக் கொடுத்து, மஞ்சள் பையில் எடுத்து வந்து அரிசி டிரம்மில் வைத்துவிட்டார். அரிசி அளக்கப் போன மருமகள் கையில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு. நான் குதித்தேன். வங்கிக்காரன் பெண்டாட்டியே இப்படிச் செய்தால் ஊர் என்ன செய்யும் என்றேன். அவர், "உங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை சும்மா இருந்தேன் இல்ல" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

20 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் அந்த "ஒரு தடவை" என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு.

இதற்கிடையில் "பணத்தை எடுத்துப் புதுச்சேரியில் போட்டால் பாதுகாப்பா?" என்று ஒரு கேள்வி. ரிசர்வ் வங்கி இரண்டு பக்கமும் ஒன்றுதான். கடலூர்க்காரன் பணத்தோடு எல்லை தாண்டினால் அது பத்திரமாகத் திரும்புமா என்பதைத் தாண்டுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

22 பிப்ரவரி

சரி, சொல்லிவிடுகிறேன்.

1996. அப்போது தெருவுக்கு ஒரு பைனான்ஸ். கண்ணாடிக் கதவு, ஏசி, சாமி படத்துக்குச் சீரியல் லைட். நாங்கள் வங்கியில் 12, 13 சதவீதம் கொடுக்கத் திணறியபோது அவர்கள் 24 என்றார்கள், சிலர் 36 என்றார்கள். என் கூட வேலை பார்த்த ஒருவரே ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்த்தார். பெயர் எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். நான் பி.எஃப். கடன் எடுத்து 40,000 போட்டேன். மனைவியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து இன்னொரு 15,000. அதுவும் எங்கள் கிளையிலேயே அடகு வைத்தேன், நானே எடை போட நின்றேன். ஒரு வருஷம் வட்டி செக் தேதி தவறாமல் வந்தது.

அப்புறம் ஒரு நாள் மனைவி பால் வாங்கும் இடத்தில் எதையோ கேட்டுவிட்டு வந்து, "எல்லாரும் எடுக்கறாங்களாம், நாமளும் எடுத்துடலாங்க" என்றார். நான் என்ன சொன்னேன் என்று பண்ருட்டி நண்பருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் முதல் பதிலாக எழுதியதை அப்படியே சொன்னேன். வதந்தியைக் கேட்டு ஓடாதே, பேசாமல் இரு. முதல் வாரத்தில் போனவர்களுக்கு முழுசாகக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் போனவர்களுக்குப் பின்தேதி போட்ட செக். மூன்றாம் வாரம் நான் போனபோது கண்ணாடிக் கதவில் பூட்டு, உள்ளே சீரியல் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கூத்துக்களால்தான் 1997இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதுச்சேரியில் 2004இல். புகார் கொடுத்தேன், நம்பர் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து ஏலத்தில் வந்த பங்கு என்று 6,000 சொச்சம் வந்தது. சங்கிலியை 2001இல் மீட்டேன்.

15ஆம் தேதி காலையில் ஓடுகிறவர்களை மட்டம் தட்டி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

23 பிப்ரவரி

திண்டிவனம் நண்பர், பைனான்ஸும் வங்கியும் ஒன்றா என்று கோபப்படுகிறார். ஒன்றில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. மேற்பார்வை வேறு, இன்சூரன்ஸ் வேறு. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்குக் கணக்கு ஒன்றுதான்: முன்னால் நின்றால் கிடைக்கும், பின்னால் நின்றால் தெரியாது. அதில் முன்னால் நிற்கப் பார்ப்பவனை நான் முட்டாள் என்றேன்.

இன்னொன்றும் யோசித்தேன். 1995–96இல் இந்தியன் வங்கி 1,336 கோடி நஷ்டம் காட்டியது. நம் மாவட்டத்தின் முன்னோடி வங்கியே அதுதான். பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. நான் பார்த்தவரை கடலூரில் ஒரு ஆள்கூட அதற்காக வரிசையில் நிற்கவில்லை. டீக்கடையில் பேசினார்கள், அப்புறம் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தார்கள். "கவர்மெண்டு பேங்கு, எங்க போயிடும்?" கணக்கைப் பார்த்து யாரும் பயப்படுவதும் இல்லை, கணக்கைப் பார்த்து யாரும் தைரியமாக இருப்பதும் இல்லை. அரசாங்கம் பணம் போட்டது, வங்கி எழுந்தது, ஜனங்கள் நினைத்ததுதான் நடந்தது.

27 பிப்ரவரி

மும்பை வங்கியில் இன்று முதல் ஆளுக்கு 25,000 வரை எடுக்கலாம். இதிலேயே பாதிக்கு மேற்பட்ட கணக்குக்காரர்கள் முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியுமாம், ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அதாவது அந்தப் பாதிப் பேரின் மொத்த இருப்பே 25,000க்குள். இரண்டு வாரம் இவர்களைத்தான் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். அந்த வங்கியில் காணாமல் போனதாகச் சொல்லும் தொகை 122 கோடி.

2019இல் மும்பையின் இன்னொரு கூட்டுறவு வங்கியான பி.எம்.சி.க்கு ஆரம்பத்தில் வைத்த வரம்பு 1,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு. ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு மும்பையில் ஆறு மாதம். கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கினால் மிச்சத்துக்குப் பஸ் டிக்கெட் எடுக்கலாம்.

6 மார்ச்

பேச்சு எங்கேயோ போகிறது, நானும் போகிறேன். "அந்தக் காலத்தில் இப்படி இல்லை" என்று எழுதியவருக்கு: 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி சாய்ந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, ஆகவே அசையாது என்று மிராசுதாரர்களும் ஓய்வுபெற்றவர்களும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். சர் பட்டம் வாங்கிய முதலாளிக்கு 18 மாதம் கடுங்காவல். அந்தச் சூட்டில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் ஓடியாடிப் பங்கு சேர்த்து, 1907இல் இந்தியன் வங்கியையே ஆரம்பித்தார்கள். ஒரு வங்கி விழுந்ததும் நம் ஆட்கள் இன்னொரு வங்கி ஆரம்பித்தார்கள், அரிசி டிரம்முக்குப் போகவில்லை. (மனைவி இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

இப்போது வரிசையே கண்ணுக்குத் தெரிவதில்லை. 2023 மார்ச் 9, அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப் பார்த்தார்கள். பெரும்பாலும் போனிலும் கம்ப்யூட்டரிலும். மறுநாள் வங்கி மூடல். அங்கே எந்த மேனேஜர் எந்த மேஜை மேல் பத்து ரூபாய்க் கட்டை அடுக்குவார்?

7 மார்ச்

படித்துவிட்டார். டிரம் இப்போதும் காலியாக இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

16 மே

மும்பை விவகாரத்தில் 90 நாள் முடிந்துவிட்டது. 2021இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, தடை விழுந்த 90 நாளுக்குள் இன்சூரன்ஸ் பணம் வர வேண்டும். தானாக வராது. விருப்பம் எழுதிக் கொடுத்து, அடையாள அட்டையும் வேறு வங்கிக் கணக்கு விவரமும் தர வேண்டும். முன்பெல்லாம் வங்கியைக் கலைக்க உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும், வருஷக்கணக்கில். பெரியவர்கள் வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் கவுண்டரில் பார்த்த அழுகையில் முக்கால்வாசி நாமினி இல்லாத அழுகைதான், வங்கி நொடித்த அழுகை இல்லை.

9 ஆகஸ்ட்

நியூ இந்தியா கூட்டுறவு வங்கி 4ஆம் தேதி முதல் சாரஸ்வத் வங்கியோடு சேர்ந்துவிட்டது.

பண்ருட்டி நண்பர் ஆறு மாதம் கழித்து வந்து எழுதியிருக்கிறார். மத்திய வங்கியில் இருந்த 3 லட்சத்தைத் தொடவில்லையாம். சங்கத்திலிருந்து ஒன்றரை லட்சத்தை எடுத்தாராம், கேட்ட அன்றே கொடுத்துவிட்டார்கள். அதை மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்தாராம், பலா சீசன் முடிந்ததும் தருவதாகப் பேச்சு. சீசன் முடிந்துவிட்டது. நான் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

10 ஆகஸ்ட்

ஜாயின்ட் கணக்கு பற்றிக் கேட்டவருக்கு: கணவன் பெயர் முதலில் ஒரு கணக்கு, மனைவி பெயர் முதலில் இன்னொரு கணக்கு என்றால் 5 லட்சம் தனித்தனியாகக் கிடைக்கும். பெயர் வரிசை ஒன்றாக இருந்தால் எத்தனை கணக்கு இருந்தாலும் சேர்த்து 5 தான். மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக வைத்திருப்பதும் தனி. ஃபாரத்தில் எந்தப் பெயரை முதலில் எழுதினீர்கள் என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.